கண்ணாடிக்காரர் கார் பார்த்த கதை

"இனிமே வாங்கப்போற கார் மட்டும் என் இஷ்டம். இதுல யாரும் தலையிடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில், கையில் கரண்டியோடு கண்ணாடிக்காரர் இப்படி ஒரு சபதம் போட்டார். சபதம் போடுகிற ஆளே இல்லை அவர். டைல்ஸ் கடை வைத்திருக்கும் மச்சினன்தான் கிளப்பிவிட்டான். வாரா வாரம் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறவன், வந்தோமா சாப்பிட்டோமா என்று போக மாட்டான். இந்த வீட்டில் மாமா தேர்ந்தெடுத்த பொருள் ஒன்றே ஒன்றைக் காட்டச் சொன்னான். மாமா சுற்றிலும் பார்த்தார். சோபா அவள் எடுத்தது. திரைச்சீலை அவள் எடுத்தது. சுவர்க் கடிகாரம், குளிர்பெட்டி, போட்டிருந்த சட்டை எல்லாம் அவள் எடுத்தது. கடைசியில் நம்பிக்கையோடு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த ஃபிரேமும் அவள் எடுத்துக் கொடுத்ததுதான்.

இத்தனைக்கும் அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஒன்றல்ல, மூன்று. ஊரில் கண் தெரிகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண் தெரிய வைத்தவர் அவர்தான். உள்ளே இருட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு லென்ஸாக மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது அவர் வேலை. முன்கூடத்தில் உட்கார்ந்து, வருகிறவர் முகத்தை அரை நிமிஷம் பார்த்து, உங்களுக்கு இதுதான் என்று ஒரு ஃபிரேமை எடுத்து நீட்டுவது வீட்டம்மாவின் வேலை. அவள் நீட்டியதை வேண்டாம் என்று சொன்னவர்கள் கிடையாது. இரண்டாவது கடையும் மூன்றாவது கடையும் யார் முடிவில் திறந்தவை என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

சபதத்தைக் கேட்ட வீட்டம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "தாராளமா. உங்க இஷ்டம்" என்றாள்.

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை. கண்ணாடிக்காரருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவரோ சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

மறுநாளே இருவரும் கார் பார்க்கக் கிளம்பினார்கள். மூன்று கடைக்காரர் சாதாரணக் காரிலா போவார்? பெரிய இடத்துக் கார்தான். பெரிய சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு ஷோரூம். இந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கார், நீளமாக, கம்பீரமாக, நாலு பேருக்கு நியாயம் சொல்கிற பெரிய மனுஷன் மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் ஒரு வெள்ளி நிறக் கார், வழவழவென்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வீட்டம்மா இரண்டிலும் ஏறி, பின் சீட்டில் அரை நிமிஷம் அரை நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினாள். இரண்டு ஷோரூமிலும் ஒரே பல்லவிதான். இன்று பதிவு செய்தால் வண்டி கைக்கு வர நாலு மாதம் ஆகும். ஆகட்டும், இரண்டு நாளில் சொல்லிவிடுகிறேன் என்று கண்ணாடிக்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த இரண்டு நாள் இருக்கிறதே, அது முடியவே இல்லை.

காலையில் பல் தேய்க்கும்போது கறுப்பு என்பார். குளித்துவிட்டு வரும்போது வெள்ளியாகியிருக்கும். கறுப்பில் கதவு சாத்தினால் சத்தமே இல்லை. வெள்ளியில் சீட்டு மெத்தென்று இருந்தது. இல்லை, மெத்தென்று இருந்தது கறுப்பா? சந்தேகம் வந்துவிடும். உடனே கிளம்பிப் போய் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பார். ஓட்டிவிட்டு வரும் வழியிலேயே எதில் எது இருந்தது என்று மறந்துவிடும். ஒரு நோட்டுப் போட்டு எழுதினார். நோட்டின் இடது பக்கம் கறுப்பின் நல்ல குணம், வலது பக்கம் வெள்ளியின் நல்ல குணம். இரண்டும் பதினேழு பதினேழாக நின்றது. இன்னும் ஒன்று யோசித்துக் கறுப்புக்குப் பதினெட்டு போட்டார். மனசு கேட்கவில்லை, பாவம் என்று வெள்ளிக்கும் ஒன்று சேர்த்துவிட்டார்.

வெள்ளிப் பக்கத்து விற்பனையாளன் இவர் தலையைக் கண்டாலே சாப்பிடப் போய்விடுவான். காலை பத்து மணிக்குக்கூடச் சாப்பிடப் போனான். கறுப்புப் பக்கத்து ஆள் மட்டும் தங்கமான பையன். எத்தனை முறை போனாலும் முகம் சுளிக்காமல் நாற்காலி போட்டு, நல்லா நிதானமா யோசிங்க சார், ஒரு அவசரமும் இல்லை என்பான். உலகத்தில் இன்னும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று கண்ணாடிக்காரர் நெகிழ்ந்து போனார்.

ஒருநாள் தொழில் முறைப்படியே பார்த்துவிடுவது என்று இறங்கினார். இரண்டு ஷோரூமுக்கும் நடுவே, சாலைத் தடுப்பின் மேல் ஏறி நின்றார். இடது கண்ணைப் பொத்திக் கறுப்பைப் பார்த்தார். வலது கண்ணைப் பொத்தி வெள்ளியைப் பார்த்தார். பிறகு மாற்றிப் பொத்தினார். மதில் மேல் பூனை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மூக்குக் கண்ணாடி போட்ட பூனையை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. போக்குவரத்துக் காவலர் வந்து, யாருக்குச் சைகை காட்டுகிறீர்கள் என்று விசாரித்து, கையைப் பிடித்து ஓரமாகக் கொண்டுவந்து விட்டார்.

கடையிலும் பிழைப்பு நாறியது. முன்பெல்லாம் யாராவது இரண்டு லென்ஸும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், சட்டென்று ஒன்றைச் சொல்ல வேண்டியதுதானே என்று கடிந்துகொள்வார். இப்போது அப்படிச் சொன்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று கண் கலங்கினார். கண் பரிசோதனைக்கு வந்த வாத்தியார் ஒருவர் ஒரு மணி நேரம் கார்க் கதை கேட்டுவிட்டு, கண்ணாடியே வாங்காமல் வாசல் தெரிந்தால் போதும் என்று எழுந்து போனார்.

இப்படியே மாதம் மூன்றரை ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மச்சினன் வந்து, கார் வந்துடுச்சா மாமா என்று வாசலை எட்டிப் பார்ப்பான். மாமாவுக்குச் சோறு இறங்காது. மானம் போகிற விஷயம் அல்லவா? இந்த ஒன்றிலும் தோற்றால், சாகும்வரை சட்டைகூட அவள் எடுத்ததுதான்.

வேறு வழியில்லாமல் ஒருநாள் வீட்டம்மாவிடமே போய், உனக்கு எது பிடித்திருக்கிறது என்று பட்டும் படாமலும் கேட்டார். எனக்கு என்ன தெரியும், உங்க இஷ்டம் என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மச்சினன் அவரைத் தனியாக ஒதுக்குப்புறம் கூட்டிப்போய் ஒரு குண்டைப் போட்டான்.

"அக்கா வாயில வராதே தவிர, மனசுல ஒண்ணு இருக்கும் மாமா. நீங்க தெரியாம அதையே எடுத்துட்டீங்கன்னு வைங்க, அது அக்கா செலக்ஷன். நான் ஒத்துக்க மாட்டேன்."

கண்ணாடிக்காரருக்குத் தலை சுற்றியது. யோசிக்க யோசிக்க அதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. அப்படியானால் முதலில் அவள் மனசில் இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, அதை விட்டுவிட்டு மற்றதை எடுக்க வேண்டும். அப்புறம் யார் என்ன சொல்ல முடியும்? இவ்வளவு சுலபமான வழி இருக்க, பதினெட்டு பதினெட்டு என்று எழுதிக்கொண்டிருந்தோமே என்று தன்னையே கடிந்துகொண்டார்.

அன்றிலிருந்து உளவு வேலை. வீட்டம்மா எதைப் பார்க்கிறாள், எதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள் என்று பின்னாலேயே திரிந்தார். வெகுநாள் அலைய விடவில்லை அவள். மூன்றாம் நாள் இருவரும் கடைக்கு நடந்து போகும்போது ஒரு வெள்ளிக் கார் கடந்து போயிற்று. வீட்டம்மா நின்று திரும்பிப் பார்த்து, என்ன லட்சணம், கண்ணே எடுக்க முடியலை என்றாள். மறுநாள் செய்தித்தாளில் வந்த வெள்ளிக் கார் விளம்பரத்தைக் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். கறுப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது மூக்கைச் சுளித்து, அதில் போனால் துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரி இருக்கும் என்றாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனால் ஒரு சங்கடம். அந்த வாரம் பார்த்து அவருடைய மனசு வெள்ளிப் பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது. கண்ணை மூடினால் வழவழவென்று அதுதான் வந்து நின்றது. ஒரு நாள் முழுக்கத் தவித்தார். கடைசியில், தன் இஷ்டத்தை நிலைநாட்டுவதற்காகத் தன் இஷ்டத்தையே விட்டுக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதே மேஜையில், மச்சினன் முன்னிலையில், கறுப்புதான் என்று அறிவித்தார். வீட்டம்மா முகம் வாடிப்போனது. குளிர்பெட்டிப் பக்கம் ஒரு பார்வை போய் வந்தது. நான் வெள்ளின்னு நினைச்சேன், பரவாயில்லை, உங்க இஷ்டம்தான் என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்காரருக்கு ஒரு பக்கம் பாவமாகவும், மற்ற எல்லாப் பக்கமும் குளுகுளுவென்றும் இருந்தது. மச்சினன் எழுந்து வந்து கை குலுக்கினான்.

மறுநாள் ஷோரூமுக்குப் போய்ப் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்தத் தங்கமான பையன் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை வண்டி எடுத்துக்கலாம் சார் என்றான். நாலு மாதம் ஆகும் என்றீர்களே என்றதற்கு, உங்களுக்குப் போய் அப்படியா சார் என்று சிரித்தான். நமக்குத் தனி மரியாதை என்று கண்ணாடிக்காரர் மூன்று கடையிலும் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை வண்டியை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் ஊருக்கே கண் பார்க்கிறவர், பொடி எழுத்தும் தப்பாது. தாளின் மூலையில் பதிவு செய்த தேதி என்று ஒன்று இருந்தது. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. அவர் சபதம் போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் தள்ளி. கீழே அவருக்கு நன்றாகத் தெரிந்த, கொம்பு சுழித்த கையெழுத்து.

திரும்பிப் பார்த்தார். வீட்டம்மா அதற்குள் கறுப்புக் காரில் ஏறி, பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தாளைக் கையில் பிடித்தபடியே போய் ஜன்னல் பக்கம் நின்றார். தேதி இருந்த மூலையை அவளுக்கு நீட்டிக் காட்டினார்.

"இதுல உட்கார்ந்தா எனக்கு முழங்கால் வலிக்கலைங்க" என்றாள் அவள், அமைதியாக. "வண்டி வர நாலு மாசம்னாங்க. உங்களுக்கு முடிவு வரவும் அவ்வளவு ஆகும். ரெண்டும் ஒண்ணா வரட்டும்னு மறுநாளே வந்து எழுதிக் கொடுத்துட்டேன்."

"அது சரி, நான் வெள்ளியைச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"எப்படிச் சொல்லுவீங்க? எனக்கு அதுதான் பிடிச்சிருக்குன்னு நான் முந்திக்கிட்டேனே."