அத்தானோட குதிரையைத் திருத்தப் போனேன்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். அத்தானோட குதிரையை ரைஸ்மில் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி, திருப்பிக் கூட்டிட்டு வரணும்.

வீட்டு வாசல்ல நின்னா ரைஸ்மில் தெரியும். நடந்தே போயிட்டு வந்திருக்கலாம்.

அத்தான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். ஆழ்வார்குறிச்சியில உரக்கடை வச்சிருக்காவ. ஆள் தீக்குச்சி மாதிரி இருந்தாலும் சுகர் உண்டு. டாக்டர், "தினமும் காலையில கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க"ன்னு சொல்லியிருக்காரு. அத்தான் நல்லா யோசிச்சு, ஒரு தரகரைப் பிடிச்சு, மட்டக்குதிரை ஒண்ணை வாங்கிட்டு வந்துட்டாவ. வெள்ளைக் குதிரை. சேணத்தோட.

அக்கா கேட்டிருக்கா. "டாக்டர் நடக்கத்தான சொன்னாரு?"

"வெளிய போகத்தான் சொன்னாரு. நடந்துதான் போவணும்னு எங்க சொன்னாரு?"

ஆனா குதிரைக்கு வேற யோசனை இருந்திருக்கு. சும்மா கயித்தைப் பிடிச்சுக் கூப்பிட்டா நாய்க்குட்டி மாதிரி கூடவே வரும். மேல ஆள் ஏறி உக்காந்துட்டா, அம்புட்டுதான். நாலு காலையும் ஊனிக்கிட்டு, கழுத்தை லேசா தூக்கிக்கிட்டு, சிலை மாதிரி நிக்கும். தட்டுனா நிக்கும். கேரட் காட்டுனா கேரட்டைத் தின்னுட்டு நிக்கும்.

ஒரு மாசமா அத்தான் தினமும் காலையில குதிரை மேல ஏறி உக்காந்து, முத்தத்துலயே பேப்பர் வாசிச்சுட்டு இறங்குதாவ. "வெளிக்காத்து படுதுல்லா"ன்னு ஒரு சமாதானம் வேற.

இதுல நான் எங்கன வந்தேன்னு கேப்பிய.

கோயம்புத்தூர்ல வேலை பார்த்தப்போ, ஆபீஸ் பிள்ளைகளோட சேர்ந்து குதிரையேத்தம் கத்துக்கப் போனேன். கத்துக்கிட்டேன்னு சொல்ல முடியாது. ஒரு அண்ணன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடப்பாரு. குதிரை அவரு பின்னால போகும். நான் குதிரை மேல போவேன். அம்புட்டுத்தான் என் பங்கு. ஆனா ஸ்டேட்டஸ்ல போட்ட போட்டோவுல அந்த அண்ணனை வெட்டிட்டேன்.

அந்த ஸ்டேட்டஸை அத்தான் பார்த்திருக்காவ.

லீவுக்கு ஊருக்கு வந்தவளை வாசல்லயே மறிச்சாவ. "கோமு, நீ குதிரைக்காரிலா. இதை எப்படியாச்சும் திருத்திக் குடுத்துட்டுப் போ."

வெட்டுன அண்ணனைப் பத்தி அப்பவே சொல்லியிருக்கணும். நான், "அதுக்கென்ன அத்தான், பார்த்துருவோம்"னேன்.

ராத்திரி உக்காந்து வீடியோவா பார்த்தேன். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரம்மா ரெண்டு விசயம் சொன்னாவ. ஒண்ணு, குதிரை நகரலைன்னா ஒரு பக்கக் கடிவாளத்தை மட்டும் இழுத்து வட்டமா சுத்த வைக்கணும். ரெண்டு, என்ன ஆனாலும் இறங்கவே கூடாது. நாம இறங்கிட்டா, அடம்பிடிச்சா ஜெயிக்கலாம்னு அது கத்துக்குமாம்.

காலையில வாய்க்கால் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். நேர் ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் யாரோ கட்டி வச்ச நீள மதில். நான் அக்காவோட பழைய சுடிதார். தலையில அத்தானோட பைக் ஹெல்மெட்.

அக்கா வாசல்ல நின்னு, "ஏட்டி, விழுந்து கிழுந்து வைக்காத. அடுத்த மாசம் உன்னைப் பொண்ணு பார்க்க வாராவ"ன்னு சத்தம் குடுத்தா.

வாய்க்கால் பாலத்துச் சுவர் மேல ஏறி, அங்கேருந்து குதிரை மேல உக்காந்தேன். குதிரை நாலு காலையும் ஊனிச்சு. கழுத்தைத் தூக்கிச்சு.

"போ"ன்னேன். போகல.

"போம்மா, என் ராசாத்தி"ன்னேன்.

"அது ஆம்பளைக் குதிரை"ன்னாவ அத்தான்.

மன்னிப்புக் கேட்டுட்டு, வெள்ளைக்காரம்மா சொன்னபடி இடது கடிவாளத்தைப் பைய இழுத்தேன். குதிரை திரும்பிச்சு. எனக்கு அப்படியே உடம்பெல்லாம் சிலுத்துட்டு. "அத்தான், பார்த்தியளா, பார்த்தியளா"ங்கேன்.

கால் வட்டம் திரும்புனதும் அதுக்குப் போதும்னு ஆயிட்டு. தலை வாய்க்கால் பக்கம், வால் மதில் பக்கம். ரோட்டுக்குக் குறுக்க, கேட்டு போட்ட மாதிரி நின்னுட்டு.

அந்த நேரம் பார்த்து ரைஸ்மில் பக்கத்துல இருந்து வாழைத்தார் ஏத்துன லோடு வண்டி வந்துச்சு.

டிரைவர் தலையை நீட்டினாரு. "யக்கா, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க."

"நான் நிப்பாட்டல. அதுவா நிக்கி."

"அப்போ ஓரமா நிக்கச் சொல்லுங்க."

நான் குதிரைகிட்ட சொன்னேன். டிரைவர் இறங்கி மதில்ல சாஞ்சு நின்னு, போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பிச்சாரு.

அடுத்தாப்புல இன்னொரு பக்கத்துல இருந்து ஒரு வேன். முன்னால பூ அலங்காரம், கண்ணாடியில மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு. உள்ள மொத்த மாப்பிள்ளை வீடும் இருக்கு. கல்யாண மண்டபம் அடுத்த திருப்பத்துல.

வேன் டிரைவர் ஆரன் அடிச்சாரு. குதிரை காதைக்கூட ஆட்டல. சரி, பக்கத்துல வந்தா பயந்து நகரும்னு வேனை உரசுற மாதிரிக் கொண்டு வந்து நிப்பாட்டுனாரு. அது நகரல. நான்தான் பயந்தேன்.

வேன்ல இருந்து பட்டுவேட்டி, மாலையோட மாப்பிள்ளையே இறங்கி வந்தான். நல்ல பையன். சத்தம் போடல.

"அக்கா, முகூர்த்தம் முடியப் போகுது. கொஞ்சம் இறங்குங்களேன்."

"தம்பி, நான் இப்போ இறங்குனா குதிரை கெட்டுப் போயிரும்."

"இறங்கலைன்னா என் கல்யாணம் கெட்டுப் போயிரும்க்கா."

நியாயமாத்தான் பட்டுச்சு. வெள்ளைக்காரம்மாவை மனசுக்குள்ள கும்பிட்டுட்டு இறங்கப் பார்த்தேன். முடியல. இந்தப் பக்கம் வேன் மூக்கு என் முட்டியில இடிக்கி. அந்தப் பக்கம் லோடு வண்டியில குலை குலையா தொங்குற வாழைத்தார். காலைத் தூக்கிப் போட இடமில்ல. வேனைப் பின்னால எடுக்கலாம்னா அதுக்குப் பின்னால மாப்பிள்ளை வீட்டு பைக்கெல்லாம் வரிசை கட்டி நிக்கி. லோடு வண்டியை எடுக்கச் சொன்னா, அந்த டிரைவர் வீடியோவை விட்டு நகரமாட்டேங்காரு.

மாப்பிள்ளையை நடத்தியே கூட்டிட்டுப் போயிரலாம்னு ஒருத்தர் சொன்னாரு. எந்தப் பக்கமா போறது? தலைப் பக்கம் வாய்க்கால். வால் பக்கம் போய்ப் பார்க்க அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. குதிரைக்கு அடியில குனிஞ்சு போகலாம்னு லோடு வண்டிக்காரர் யோசனை சொன்னாரு. மாப்பிள்ளையோட அத்தை வேன் சன்னல் வழியா அவரைப் பார்த்த பார்வையில, அவரு மறுபடியும் வீடியோ பிடிக்கப் போயிட்டாரு.

இதுக்கு நடுவுல மாப்பிள்ளை போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. பொண்ணு வீடு.

"வந்துட்டோம் மாமா. பக்கத்துலதான். முன்னால ஒரு குதிரை நிக்கி, அதான்..."

கொஞ்ச நேரம் கேட்டுட்டு என்னைப் பாவமா பார்த்தான். "குதிரை ஏற்பாடு பண்ணிருக்கியளான்னு ரொம்ப சந்தோசப்படுதாவ அக்கா."

அதுக்குள்ள வேன்ல இருந்த கூட்டம் பூராவும் இறங்கிட்டு. எல்லார் கையிலயும் போன். கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபர் பெரிய கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்து, "மேடம், ஹெல்மெட்டைக் கழட்டுங்க, முகம் தெரியல"ங்காரு.

முகம் தெரியக் கூடாதுன்னுதான ஐயா போட்டிருக்கேன்.

நான் குனிஞ்சு குதிரை காதுல கெஞ்சினேன். "உனக்கு என்ன வேணும்னு சொல்லிரு. வெல்லம் வேணுமா? அத்தானைப் பிடிக்கலையா? எனக்கும் சில நேரம் பிடிக்காது. அதுக்காக இப்படியா?"

அப்பத்தான் மாப்பிள்ளையோட அத்தை வேனை விட்டு இறங்குனாவ. நல்ல உயரம், அரக்குக் கலர் பட்டு, கையில வெத்தலைப் பெட்டி. குதிரைக்கு முன்னால வந்து நின்னு, நெத்தியில இருந்த சாம்பல் சுழியை உத்துப் பார்த்தாவ.

"ஏலே செந்தில், இது நம்ம திருச்செந்தூர் குதிரைலா?"

மாப்பிள்ளை, "எந்தக் குதிரை?"ங்கான்.

"மொதப் பத்திரிகை வைக்க கோயிலுக்குப் போனோம்லா. கடற்கரையில நீ ஏறி உக்காந்து போட்டோ எடுத்தியேலே."

மாப்பிள்ளை முகம் சிவந்துட்டு. அத்தை சும்மா விடுவாவளா? போனைத் தடவித் தடவி போட்டோவை எடுத்துட்டாவ. அதே குதிரை. அதே சேணம். மேல மாப்பிள்ளை, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு. குதிரை ரோட்டுல எப்படி நிக்கோ, அங்கேயும் அப்படியேதான் நிக்கி. கடலுக்குக் குறுக்க, சைடு போஸ்ல, கழுத்தைத் தூக்கிக்கிட்டு.

"இதுக்கு ஓடவெல்லாம் தெரியாது தாயி"ன்னாவ அத்தை என்கிட்ட. "மேல ஆள் ஏறுனா போட்டோவுக்கு நிக்கும். போட்டோ எடுத்து முடிச்சு போனைக் கீழ இறக்குனப்புறம்தான் நகரும். அன்னைக்கு எங்க வீட்டுல ஒவ்வொருத்தரா எடுத்தோம். கடைசி ஆள் எடுக்கிற வரைக்கும் அசையலயே."

நான் சுத்திப் பார்த்தேன்.

வேன் முன்னால பத்துப் பேரு போனைத் தூக்கிக்கிட்டு. மதில் மேல ரெண்டு பேரு. வாழைத்தார் மேல ஒருத்தர். போட்டோகிராபர் ரோட்டுல மண்டி போட்டு உக்காந்திருக்காரு. நகரமாட்டேங்கிற குதிரையை ஊரே படம் பிடிக்கி. ஊரே படம் பிடிக்கிறதால குதிரை நகரமாட்டேங்கி.

அது அடமே பிடிக்கல. கடமையில நின்னிருக்கு.

"எல்லாரும் தயவு செஞ்சு போனைக் கீழ இறக்குங்க"ன்னு கத்தினேன். அதையும் வீடியோ எடுத்தாவ.

அத்தை வெத்தலைப் பெட்டியை இடுப்புல சொருகிட்டு ஒரு சத்தம் போட்டாவ. "எவன் கையில போன் தெரியுதோ, அவனுக்குப் பந்தியில இலை கிடையாது."

பைய ஒவ்வொரு போனா இறங்குச்சு. போட்டோகிராபர் மட்டும், "மேடம், ஒரே ஒரு..."ன்னு இழுத்தாரு. அத்தை பார்த்தாவ. கேமராவுக்கு மூடி போட்டுட்டாரு.

குதிரை இந்தப் பக்கம் பார்த்துச்சு. அந்தப் பக்கம் பார்த்துச்சு. நகரல.

"இன்னும் யாரோ எடுக்காவ"ன்னாவ அத்தை.

தேடுனா, வால் பக்கம், மதிலோட மதிலா ஒட்டிக்கிட்டு அத்தான். நான் ஏறுனதுல இருந்து ஒரு விநாடி விடாம எடுத்துக்கிட்டு இருந்திருக்காவ.

"அத்தான்!"

"உங்க அக்கா சங்கரிக்கு அனுப்பலாம்னு..."

"போனை உள்ள வைங்க அத்தான்."

வச்சாவ. குதிரை ஒரு பெருமூச்சு விட்டுச்சு. சோலி முடிஞ்சவங்க விடுவாங்களே, அந்த மாதிரி. லோடு வண்டிக்காரர் ஓடிப்போய் வண்டியை ரைஸ்மில் சந்துக்குள்ள பின்னால எடுத்தாரு. வழி கிடைச்சதும் குதிரை திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டு.

சும்மா சொல்லக் கூடாது, என்ன நடை! நடுரோட்டுல, மகாராசா மாதிரி. ஆனா நிப்பாட்டத்தான் எனக்குத் தெரியல. கோயம்புத்தூர்ல நிப்பாட்டுனதும் அந்த அண்ணன்தான். ரைஸ்மில் வந்துச்சு, போயிட்டு. திருப்பம் வந்துச்சு, திரும்பிட்டு. என் பின்னால வேன் ஊர்ந்து வருது. வேனுக்குப் பின்னால பைக்கெல்லாம். எல்லாத்துக்கும் பின்னால அத்தான் ஓடி வாராவ. டாக்டர் பார்த்திருந்தா ரொம்ப சந்தோசப்பட்டிருப்பாரு.

மண்டபத்து வாசல்ல பொண்ணு வீடு மொத்தமும் ஆரத்தித் தட்டோட காத்து நின்னுச்சு. குதிரையைப் பார்த்ததும் மேளக்காரங்க வாசிக்க ஆரம்பிச்சுட்டாவ. அங்க நின்ன அத்தனை பேரும் போனைத் தூக்குனாவ.

நான் "வேண்டாம், வேண்டாம்"னு கையை ஆட்டினேன். நான் டாட்டா காட்டுதேன்னு நினைச்சு அவங்களும் காட்டுனாவ.

குதிரை சரியா வாசல் வளைவுக்குக் கீழ போயி, குறுக்க திரும்பி, நாலு காலையும் ஊனி, கழுத்தைத் தூக்கிருச்சு.

ஒரு சித்தி வந்த வேகத்துல எனக்கு ஆரத்தி சுத்தி, ஹெல்மெட்டுல குங்குமம் வச்சிட்டாவ. குதிரைக்கும் வச்சாவ. பொண்ணோட அப்பா என்னைக் கீழ இருந்து மேல வரைக்கும் பார்த்துட்டு, மரியாதையாத்தான் கேட்டாரு. "நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மாமா. என்னை இறக்கி விட்டா போதும்."

நாலு பேரு சேர்ந்து மூட்டை இறக்குற மாதிரி இறக்குனாவ. வாசல்ல கட்டியிருந்த வாழைமரத்துல ஒரு பக்கத்தைக் குதிரை தின்னு முடிக்கிறதுக்குள்ள, மாப்பிள்ளை உள்ள ஓடி மணையில உக்காந்துட்டான். முகூர்த்தத்துக்குள்ள தாலி கட்டியாச்சு. அத்தை என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி முதல் பந்தியில உக்கார வச்சாவ. ஹெல்மெட்டை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு தடவை பாயாசம் வாங்கிக் குடிச்சேன்.

சாயங்காலம் அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ அத்தானை ஒரு பார்வை பார்த்தா. "அப்போ ஒரு போட்டோ எடுத்திருந்தா மொத நாளே போயிருக்குமா?"

இப்போ தினமும் காலையில அத்தான் குதிரை மேல ஏறுவாவ. அக்கா அடுக்களையில இருந்து போனோட வந்து ஒரு போட்டோ எடுத்துட்டுப் போனை இறக்குவா. குதிரை கிளம்பிரும். அத்தான் அழகா வாய்க்கால் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போயி, அங்கன இறங்கி, மோட்டாரைப் போட்டுட்டு, திரும்பி வர மறுபடியும் ஏறி உக்காருவாவ.

அங்கன போட்டோ எடுக்கத்தான் ஆள் கிடையாது.

அதனால மக்களே, ஆழ்வார்குறிச்சி வாய்க்கால் பக்கம் போறவங்க, வெள்ளைக் குதிரை மேல ஒரு ஒல்லி மனுசன் சும்மா உக்காந்திருக்கிறதைப் பார்த்தா, வண்டியை நிப்பாட்டி ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க. எங்க அக்கா இட்லி அவிச்சு வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்கா.