எட்டு உரைகளும் ஒரு பெண்ணுரிமைக் கூட்டமும்

தன்னை முற்போக்குவாதி என்று நம்பும் ஆண் பெண்ணுரிமைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, ஒலிவாங்கியைத் தொடாமல் இருப்பதுதான். இது எனக்கு விளங்கியது தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மல்வேர்ன் புறநகரில் நடந்த எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில்.

அப்போது நான் செயலாளர். நிர்வாகத்தில் ஒன்பது பேர், ஒன்பதும் மீசை. என் மனைவியின் தங்கை நந்தினி ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தாள். நோர்வேயில் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்குச் சரிபாதி கேட்டு, பனிக்குள் வீடு வீடாக ஏறி இறங்கியவள். 'ஐரோப்பிய அரசியலில் பெண்கள்' என்று பேச அவளை நானே அழைத்தேன். (எங்களைவிட முற்போக்கான சங்கம் மல்வேர்னில் இல்லை என்பது என் கணிப்பு. மொத்தம் மூன்றுதான் இருந்தன.) அவளுக்கு ஒரே நோக்கம்: கூட்ட முடிவில் நடக்கும் நிர்வாகத் தெரிவில் ஒரு பெண்ணையாவது நிறுத்திவிட வேண்டும்.

நிகழ்ச்சி நிரல் என்னுடையது. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை நான்கு, கடைசியாக விருந்தினர் அறிமுகம். எட்டுப் பேரும் ஆண்கள். எட்டுப் பேரும் பெண்ணைத் தெய்வமாக மதிப்பவர்கள். பக்கத்து நகரான பிக்கரிங்கிலிருந்து வந்த தலைவர், வந்த தூரத்தைவிட நீளமாகப் பேசினார். நான் மணிக்கூட்டையே பார்த்துப் பதறிக்கொண்டிருந்ததால் மண்டபத்தைப் பார்க்கவில்லை. எட்டாவதாக எழுந்து, நந்தினி பள்ளிக்கூடத்தில் எடுத்த புள்ளிகள் வரை சொல்லி முடித்துத் திரும்பினால், மேடையில் அவள் இருந்த கதிரை வெறுமை. முன்னால் இருந்தவர்களும் ஆண்கள் மட்டுமே.

பின்பக்கக் குசினியில் சிரிப்புச் சத்தம். ஓடினேன்.

"நந்தினி, உன்னைக் கூப்பிட்டாச்சு."

"நான் பேசி முடிச்சிட்டன், அத்தான்."

"எப்ப?"

"ரெண்டாவது வாழ்த்துரைக்கை தொடங்கினனான். கேக்க வேண்டிய ஆக்கள் எல்லாம் இஞ்சை ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிக்கினம். மேடையிலை நிண்டு ஆரோடை கதைக்கிறது?"

என் மனைவி அடுப்பை அணைத்தாள். "இஞ்சாருங்கோ, தெரிவைத் தொடங்குங்கோ. நாங்களும் வாறம்."

வந்தார்கள். செயலாளர் பதவிக்கு வழக்கம்போல் என் பெயர் வந்தது. வழக்கத்துக்கு மாறாக இன்னொரு பெயரும் வந்தது: என் மனைவியின் பெயர். பெண்கள் கை உயர்த்தினார்கள். கணவன்மார் பக்கத்துக் கையை ஒருதரம் பார்த்துவிட்டுத் தாங்களும் உயர்த்தினார்கள். எண்ணியது நான்தான். நம்பிக்கையில்லாமல் மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் தோற்றேன்.

"தேத்தண்ணி வருமோ?" என்று தலைவர் கேட்டார்.

"ஓம் அண்ணை," என்றாள் புதிய செயலாளர். "இவர் கொண்டு வருவார்."

இன்றும் ஒஸ்லோவிலிருந்து தொலைபேசி வந்தால் முதல் கேள்வி, "அக்கா, எட்டாம் பேச்சாளர் சுகமோ?" என்பதுதான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ரிசீவரை வாங்குவதற்குள், இரண்டு பேரும் கதைத்து முடித்துவிடுகிறார்கள்.