அவள் கைக்கேற்ற கதவு

பூனை அன்று மூன்றாவது முறையாகக் கதவைத் திறந்துகொண்டு சமையலறைக்குள் போனது.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் தலையில் கைவைத்துக்கொண்டார். எல்லாம் மனைவியின் விரல் மூட்டு வலியால் வந்தது. பார்த்தால் வீக்கமில்லை, சிவப்பில்லை. ஆனால் கதவின் உருண்டைக் குமிழைத் திருகினால் உயிரே போகிறதாம்.

"இந்த மாசத்துக்குள்ள இந்தக் குமிழையெல்லாம் மாத்தலேன்னா நான் மக வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

முப்பது வருஷமாக அவளில்லாமல் ஒருவேளைகூடச் சாப்பிட்டறியாதவர் ஆடிப்போனார். உடனே தச்சர் வந்து, எல்லாக் கதவுக்கும் கைக்கு அளவெடுத்துச் செய்த நீளமான மரக் கைப்பிடி வைத்துவிட்டுப் போனார். லேசாக அழுத்தினால் போதும். பூனை தொங்கினாலும் போதும்.

"தச்சரைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

"எதுக்கு? மயிரிழை ஸ்பிரிங்கையே நிமிர்த்துற கை இது!"

கைப்பிடிகளை அவரே செங்குத்தாகத் திருப்பி வைத்தார். திருகாணி நாலு தடவை கீழே விழுந்தது.

"இப்பல்லாம் திருகாணியைக்கூட வழுக்குற மாதிரிதான் செய்யுறான்."

பூனை தோற்றது. ஆனால் சட்டைக் கை ஒவ்வொரு கதவிலும் மாட்டி, இரண்டே நாளில் மூன்று சட்டை கிழிந்தது.

கைப்பிடியே வேண்டாமென்று, சின்னக் குமிழும், கதவை மூடிப்பிடிக்க வலுவான காந்தமும் வைத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த யாரோ ஒருவரின் கைக்கடிகாரம் காந்தமேறித் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது.

"நல்லதுதான், இனிமே சாப்பிட நேரத்தோட வருவீங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலை குளியலறைக்குள் போனவரால் வெளியே வர முடியவில்லை. இழுக்க இழுக்கக் குமிழ் விரலிலிருந்து நழுவியது.

"யாராவது வாங்களேன்! கதவு அடம்பிடிக்குது!"

வெளியிலிருந்து மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். கதவு திறந்தது. இடுப்புத் துண்டோடு அவர் நின்றார். அவளுக்குப் பின்னால், அவளே வரச்சொல்லியிருந்த தச்சர் நின்றார். பூனை மட்டும்தான் சிரிக்கவில்லை.

மனைவி உள்ளே போனதும் அவர் தச்சரை ஓரமாக அழைத்துப்போனார்.

"எனக்கே இந்தப் பாடுன்னா, பாவம், அவ கை என்ன பாடுபட்டிருக்கும்! அவ கையை இன்னொரு தடவை நல்லா அளந்து, பழையபடி கைப்பிடியே போட்டுடுங்க."

தச்சர் தலையைச் சொறிந்தார்.

"அவங்க கையை நான் எப்ப சார் அளந்தேன்? அன்னிக்கு நீங்க நாற்காலியில தூங்கிட்டிருந்தப்ப, சத்தம்போடாம உங்க கையைத்தானே அம்மா அளக்கச் சொன்னாங்க!"