கால்குலேட்டர் கர்ப்பம் குறித்த உயர்மட்ட விசாரணை

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பரீட்சை நேரத்துல கர்ப்பமா இருக்கிறது பள்ளிக்கூடத்தோட மாண்புக்கே குந்தகம்னு எங்க பெரிய டீச்சர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டாங்க. மேலிடம் சும்மா விடுமா? "காரணமானவர் எவராயினும் தப்பக்கூடாது"ன்னு ஒரு அதிகாரியை அனுப்பி வெச்சுது. காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் அவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாதாம்.

அவ என் பெஞ்சுக்காரி. எந்தக் கணக்கையும் வாயாலேயே போட்டுடுவா, அதனால நாங்க கால்குலேட்டர்னுதான் கூப்பிடுவோம். "பரீட்சை மட்டும் எழுதிட்டா போதும்டி"ன்னு புலம்பிக்கிட்டே இருந்தா. துணைக்கு நானும் போனேன்.

பெரிய டீச்சர் ரூம்ல அதிகாரி, சயின்ஸ் சார், ஆஸ்பத்திரி நர்ஸம்மா, அவ அப்பான்னு எல்லாரும் உக்காந்திருந்தாங்க. அவ மட்டும் நின்னா. கர்ப்பிணிக்கு நாற்காலி குடுத்தா தப்பான முன்னுதாரணம் ஆயிடுமில்ல!

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இந்த விஷயமெல்லாம் பாடத்துல இருக்கே, படிக்கலியா?"

"எப்படி சார் படிக்கிறது?"ன்னு நான் குறுக்க விழுந்தேன். "அந்தப் பக்கத்தையெல்லாம் சயின்ஸ் சார் ஸ்டேப்ளர் அடிச்சு மூடிட்டார்."

சயின்ஸ் சார் பதறிட்டார். "நாகரிகம் கருதி சார்! ஸ்டேப்ளர் பின் வாங்கினதுகூட என் கைக்காசு."

அதிகாரி 'அர்ப்பணிப்பு'ன்னு குறிச்சுக்கிட்டார். "சரி, ஆஸ்பத்திரியில யோசனை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன் சார்," கால்குலேட்டர் சொன்னா. "இப்போதைக்குக் குழந்தை வேணாம்னு நர்ஸம்மாகிட்ட போய் நின்னேன். 'முதல்ல ஒண்ணு பெத்துக்கிட்டு வா, அப்புறம் தள்ளிப்போட வழி சொல்றேன்'னாங்க."

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்," நர்ஸம்மா சொன்னாங்க.

"பதினாறு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது யாரு?"

அவ அப்பா எழுந்தார். "நான்தாங்க. வேலை பாத்த ஃபேக்டரியை மூடிட்டாங்க. பஸ்ஸையும் நிறுத்திட்டாங்க. நடந்து வர்ற பொண்ணைப் பத்தி ஊரு கண்டபடி பேசுது. மாப்பிள்ளை வீட்ல எதுவும் கேக்கல, சீக்கிரம் முடிக்கணும்னு மட்டும் சொன்னாங்க. வீட்ல ஒரு வயிறு குறையும்னு நெனச்சேன்."

"இப்ப ஒரு வயிறு கூடிடுச்சே!"ன்னு சொல்லிட்டு அதிகாரி தானே சிரிச்சார். அப்புறம் மேஜையைத் தட்டினார். "இது சட்டவிரோதக் கல்யாணம். கலந்துக்கிட்ட ஒருத்தரையும் விடமாட்டேன். ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"வீடியோ இருக்குங்க"ன்னு அப்பா செல்போனை நீட்டினார், பாவம்.

பெரிய கம்ப்யூட்டர்ல போட்டாங்க. முதல்ல மேடையில பொண்ணோட கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிக்கிட்டே பெரிய டீச்சர். அடுத்து, கைக்கு ஒரு ஐஸ்கிரீமா சயின்ஸ் சார். கூட்டத்துக்கு நடுவுல நர்ஸம்மா டான்ஸ். கடைசியா மாப்பிள்ளை சித்தப்பாவோட சிநேகிதர்ங்கிற ஹோதாவுல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, "அடுத்த வருஷமே குழந்தையைப் பாத்துடணும், சொல்லிட்டேன்!"னார். நம்ம அதிகாரியேதான்.

அவருக்குப் பின்னாடி கை சிவக்கத் தட்டிக்கிட்டிருந்தது நான்.

"நிறுத்துங்க!"ன்னார் அதிகாரி. யாரும் யார் மூஞ்சியையும் பாக்கல. கொஞ்ச நேரம் ஆழ்ந்து யோசிச்சுட்டுத் தீர்ப்பு சொன்னார்: "தீவிர விசாரணைக்குப் பின் சீர்கேட்டின் மூலகாரணம் வீடியோ எனக் கண்டறியப்பட்டது. இனி வயது நிரம்பாத பெண்களின் திருமணத்தை வீடியோ எடுப்பது தடை செய்யப்படுகிறது."

"காரணந்தான் கெடச்சிடுச்சே சார், என் ஹால் டிக்கெட்?"ன்னா கால்குலேட்டர்.

"நீ வந்து உக்காந்தா மத்த பொண்ணுங்க கெட்டுப்போயிடும்மா. வீட்ல நல்லா ரெஸ்ட் எடு."

"அவ என்ன தொத்து வியாதியா சார்?"னு கத்தினேன். என்னை வெளியில போகச் சொன்னாங்க.

கணக்குப் பரீட்சை அன்னிக்கு அவ இடத்துல டீச்சரோட தண்ணி பாட்டில் உக்காந்திருந்துச்சு. மணி அடிச்சதும் பின் பெஞ்சுக்காரி வெக்கப்பட்டுக்கிட்டே பெரிய டீச்சர்கிட்ட ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினா.

டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க: "வீடியோ உண்டா?"

"இல்ல டீச்சர். தடை பண்ணிட்டாங்களே."

"சமத்து! அப்ப குடும்பத்தோட வந்துடறேன்."