சண்டைக்குப் போட்ட புல்லாங்குழல்

ஒரு காலத்தில் அன்பாக இருந்த மைத்துனருக்கு, உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் உங்களுக்கு அத்தான் ஆகிவிட்டவன் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம் என்று ஆரம்பித்தேன். உங்கள் மருமகள், அதுதான் நான் பெற்ற பெண், தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "யாவரும்னா யாரு யாருப்பா? அம்மாவக் கேட்டீங்களா?" என்றாள். அவளை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்: நான் நலமில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நடுநடுவே நீங்களும் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பள்ளிக்கூடத்தில் சினிமாவும் விளம்பரமும் போட்டுக் காட்டிப் பாடம் நடத்தப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது, பிள்ளைகள் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று நானும் தலையாட்டினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? இதை யார் எடுத்தார்கள், யாருக்காக எடுத்தார்கள், இந்த இடத்தில் ஏன் இந்த இசை, எதை வெட்டி எறிந்தார்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டீர்களாமே, அத்தனையையும் அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். முதல் பலி உங்கள் அக்கா. சாயங்கால டிவி தொடரில் வருகிற மருமகள் பெட்டியோடு வாசற்படி இறங்குகிறாள், உங்கள் அக்கா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறாள், இவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்துவிட்டு, "இப்ப அழும்மா, பாக்கலாம்" என்கிறாள். அழுகை வரவில்லை. "பாத்தியா? உன்ன அழ வச்சது அந்தப் பொண்ணு இல்ல, வயலின்!" நாள் முழுக்க உழைத்துக் களைக்கிறவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அழுகை. அதையும் பிடுங்கிக்கொண்டதில் அவள் இப்போது என்னைப் பார்த்து அழுகிறாள், வயலின் இல்லாமலேயே. பற்பசை விளம்பரத்தில் வருகிறவர் பல் டாக்டரில்லை, வெள்ளைக் கோட்டு மாட்டிய நடிகர் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்ப்பதையே நிறுத்திவிட்டார். சரி, பெற்றவன் நாலு வார்த்தை கண்டிக்கலாம் என்று கூப்பிட்டால், இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்கிறாள். ஏன்டி என்றால், "கீழேருந்து பாத்தா நீங்க வில்லன் மாதிரி பெருசாத் தெரியறீங்கப்பா. மேலேருந்து பாத்தா பாவமா இருக்கீங்க. இப்பத் திட்டுங்க" என்கிறாள். பாவமாக இருக்கிறவன் எப்படித் திட்டுவான்?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் மச்சான். ஆனால் என் வயிற்றிலேயே அடிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். கொட்டாவியை வெட்டுவேன், முணுமுணுப்பை வெட்டுவேன், மாப்பிள்ளை போனை நோண்டினால் அதை வெட்டிவிட்டு அங்கே பூவைப் போடுவேன். இரும்புக்கடை முதலாளியின் மூத்த பெண் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். குடும்பப் படத்தில் நடுவில் யார் நிற்பது என்று அவரும் சம்பந்தியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதை வெட்டினால் அப்பாக்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிற காட்சியே மிச்சமில்லை. யோசித்தேன். சத்தத்தை எடுத்தேன், வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன், புல்லாங்குழலைப் போட்டேன். அவ்வளவுதான், சம்பந்திகள் ஆரத் தழுவிக்கொண்டார்கள்! பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். அதைவிட வேடிக்கை, அந்த இரண்டு பேருமே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து நம்பிவிட்டு, இன்று வரை நகமும் சதையுமாக இருக்கிறார்கள். இது பொய்யா? நான் செய்த புண்ணியம் ஐயா!

நீங்கள் என்னடாவென்றால், ஒரே காட்சியை வைத்து இரண்டு கதை சொல்லுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுக்கிறீர்கள். ஊரெல்லாம் தேடுவானேன், அப்பாவின் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று இவள் போய்த் தோண்டியிருக்கிறாள். அந்த வீட்டுப்பாடத்தைப் பள்ளி ஆண்டு விழாவில் போட்டுக் காட்டினார்கள், அரங்கம் நிறைந்த கூட்டம். பள்ளிக்கு இரும்புக் கேட் போட்டுக்கொடுத்தவர் என்று முதலாளிக்கு முதல் வரிசை. அவரை விட்டுப் பிரியாத சம்பந்தி பக்கத்து நாற்காலியில். முதலில் என் கதை ஓடியது. ஆஹா என்றார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அடுத்து அதே காட்சி, வேகத்தோடு, சத்தத்தோடு. "என் சட்டைய விடுய்யா!" "நீ மொதல்ல விடுறா!" "நடுவுல நிக்கிற மூஞ்சியப் பாரு!" அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது, முதல் வரிசையைத் தவிர. நான் நாற்காலிக்கு அடியில் போயிருப்பேன், இடம் போதவில்லை. நீங்கள் சுவரோரமாக நின்றீர்கள். நின்றீர்கள், அவ்வளவுதான்.

இப்போது நிலைமை என்ன? முதலாளியின் இரண்டாவது பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அந்த வேலையை நம்பித்தான் புதுக் கேமரா வாங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை. அது கைவிட்டுப் போனால் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான். ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: அந்த வகுப்பை நிறுத்துங்கள். இல்லையென்றால் தலைமை ஆசிரியையிடம் நானே மனுக் கொடுப்பேன். சொந்தமாவது பந்தமாவது.

உங்கள் மனைவிக்கு என் அனுதாபங்கள். நீங்கள் எல்லா வளமும் பெற்று நீண்ட நாள் வாழ்க, கொஞ்சம் தள்ளியிருந்தே வாழ்க.

இப்படிக்கு,
பாவமாகத் தெரியும் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஸ்டுடியோ வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. கூடவே சம்பந்தி. நான் அருவி வரைந்த திரைக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அருவிக்குக் கீழே கால் தெரிந்துவிட்டது. "வெளிய வாய்யா" என்றார் முதலாளி. "எப்பக் கட்டிப்புடிச்சோம்னு எனக்கு ஞாபகமே வரல. வயசாயிடுச்சுன்னு நெனச்சு டாக்டர்கிட்டப் போயி மாத்திர வேற தின்னுக்கிட்டிருக்கேன். நெசமாவே கட்டிப்புடிக்கலியா? அப்பாடா!" சம்பந்தி, "சரி, பழகினது பழகியாச்சு. இப்ப நெசமாவே கட்டிப்புடிக்கிறோம், எடு" என்றார். எடுத்தேன். இரண்டு பலகையைச் சாத்தி வைத்ததுபோல் இருந்தது மச்சான். போட்டுப் பார்த்துவிட்டு, "பழசுதான் உருக்கமா இருக்கு" என்று அவர்களே ஒத்துக்கொண்டு, சின்னவள் கல்யாணத்தையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரே நிபந்தனை, வெட்டுகிறதையெல்லாம் தனியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். அதை உங்கள் மருமகள்தான் செய்ய வேண்டுமாம். ஆகையால் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. கடிதத்தை அவள் வாங்கிப் படித்தாள். "நல்லா இருக்குப்பா. ஆனா மாமா எங்க?" என்றாள். முழுக்க மாமாவைத்தானே எழுதியிருக்கிறேன் என்றேன். "அவரு பேசவே இல்லியே. அன்னிக்கு மேடையில ஏறி மைக்கப் புடிச்சாரே, அத ஏன் வெட்டினீங்க?"

உண்மைதான். அத்தனை சிரிப்புக்கு நடுவில் நீங்கள் மேடை ஏறி, "இந்தப் பாடத்தச் சொல்லிக் குடுத்தது நான். தப்புன்னா என்னக் கேளுங்க. எங்க அத்தான் சண்டையிலயும் ஒரு நல்லதக் கண்டுபுடிச்சவரு, அவர யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றீர்கள். எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. அதை வைத்தால் என் கோபத்தின் வேகம் குறைகிறது என்று வெட்டிவிட்டேன். தொழில் பழக்கம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்து மறுபடி எழுத எனக்குச் சோம்பலாக இருக்கிறது. அதனால் மேலே உள்ளதை அப்படியே அனுப்புகிறேன். கொஞ்சம் மெதுவாக, பின்னால் புல்லாங்குழல் வாசிப்பதாக நினைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.