மேலே யார் மொழி?

மர்டாக் டிங்லி ஆங்கிலத்தில் சொன்ன அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று டெல்ஃபினுக்கு நன்றாகவே தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். அதுதான் சிக்கல்.

"மதாம் ஜெனோபி வருஷா வருஷம் சர்ச் விருந்துல உருளைக்கிழங்கு உருண்டைன்னு ஒண்ணு போடுறாங்களே, அதை இதுவரைக்கும் ஒருத்தனும் கடிச்சதில்ல. ஐஸ் மைதானத்துக்குக் குடுத்தாங்கன்னா பசங்க மட்டையால அடிச்சாவது விளையாடுவாங்க" என்று சொல்லிவிட்டு மர்டாக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

நகரமன்றக் கூடத்தின் மூலையில் மொழிபெயர்ப்பாளருக்கென்று இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் டெல்ஃபின் மைக்கைப் பார்த்தபடி திருதிருவென்று விழித்தாள். எதிர் வரிசையில், ஹெட்ஃபோனை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜெனோபி மாலே உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. ஊரின் பிரெஞ்சுக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் தளபதி. ஆங்கிலம் தெரியாதா என்று யாராவது கேட்டால், "தெரிஞ்சுக்காம இருக்கிற உரிமையைச் சட்டம் எனக்குக் குடுத்திருக்கு" என்பார். படகுப் பட்டறை வைத்திருக்கும் மர்டாக்கோ, பிரெஞ்சில் தனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பதைப் பட்டம் வாங்கியவர் மாதிரி சொல்லிக்கொள்வார்.

ஹெரிங் பே ஊரில் பாதி வீடுகளில் ஆங்கிலம், பாதி வீடுகளில் பிரெஞ்சு. இரண்டும் சமம் என்கிறது நியூ பிரன்சுவிக் மாகாணச் சட்டம். ஆனால் பெயர்ப்பலகை என்று ஒன்று எழுதினால் அதற்கு ஒரு மேல், ஒரு கீழ் வந்துவிடுகிறதே. புது ஐஸ் மைதானம் இலையுதிர் காலத்திலேயே தயாராகிவிட்டது. மேலே எந்த மொழி என்று முடிவாகாததால் கதவு பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் மீன் கிடங்கின் வாகன நிறுத்தத்தில் ஹாக்கி ஆடி, நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன கூட்டத்தில் மர்டாக் சொன்னதை டெல்ஃபின் ஒரு எழுத்துக்கூட விடாமல் மொழிபெயர்த்தாள். ஜெனோபி எழுந்து போனார். பின்னாலேயே பாதி மன்றமும் போயிற்று.

இன்றும் அப்படி ஆகிவிடக் கூடாது. டெல்ஃபின் தொண்டையைச் செருமினாள்.

"உங்க உருளைக்கிழங்கு உருண்டை இந்த ஊருக்கே பெருமையாம். மைதானத் திறப்பு விழாவுல அது கட்டாயம் இருக்கணும்னு அவர் ஆசைப்படுறார்" என்றாள் பிரெஞ்சில்.

ஜெனோபி மர்டாக்கையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, மூடி, மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை. டெல்ஃபினுக்கு உயிர் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை கூட்டத்துக்கு ஜெனோபி ஒரு பெரிய பாத்திரத்தோடு வந்தார். நேராக மர்டாக்கின் மேசைக்குப் போய் மூடியைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், ஆவி பறக்க, உள்ளங்கை அகலத்துக்கு உருண்டைகள்.

டெல்ஃபின் கூண்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். நான் சொன்னதை நம்பி இந்தம்மா சமைத்தே கொண்டுவந்துவிட்டாரே.

"வருஷக்கணக்கா பேசியே தேய்ஞ்ச வாய். கொஞ்சம் மென்னு பார்க்கட்டும். பல்லு மிஞ்சுதான்னு பார்ப்போம்" என்றார் ஜெனோபி பிரெஞ்சில்.

"உங்களுக்காகவே ஆசையா செஞ்சு எடுத்துட்டு வந்திருக்காங்க" என்றாள் டெல்ஃபின் ஆங்கிலத்தில்.

மர்டாக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு உருண்டையை எடுத்து வெல்லப்பாகில் புரட்டிச் சாப்பிட்டார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தார். மன்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு. இனிமே என் படகுக்கு நங்கூரம் வேண்டாம், நான் ஏறி உட்கார்ந்தாலே போதும்" என்றார்.

"இது அப்படியே என் மனசுல போய் உட்கார்ந்துடுச்சுன்னு சொல்றார்" என்றாள் டெல்ஃபின்.

ஜெனோபியின் உதட்டோரம் துடித்தது. அது புன்னகைதான். சந்தேகமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் டெல்ஃபின் வியர்த்துப்போனாள். மனசில் உட்கார்ந்துவிட்டது என்று ஏன் சொன்னோம்? வயிற்றில் என்று சொல்லியிருக்கக் கூடாதா? அவரோ மனைவியை இழந்தவர், இவரோ கணவரை இழந்தவர்.

மேயர் எமரி இருபக்கத்துக்கும் நல்லவர். அதனாலேயே இருபக்கத்திலும் ஏச்சு வாங்குபவர். சூட்டோடு சூடாக அவர் ஒரு யோசனையை எடுத்துவிட்டார். பலகையில் எழுத்தே வேண்டாம், ஒரு காட்டு மான் படம் போதும் என்றார். கொம்பும் தாடியுமாக அந்தப் பக்கத்துக் காடுகளில் திரியுமே, அது.

"மான் எந்தப் பக்கம் பார்க்கும்?" என்று கேட்டார் மர்டாக்.

"ஏன், ஏதாவது ஒரு பக்கம்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் அவங்க இருக்காங்க. இந்தப் பக்கம் நாங்க. மூஞ்சியை அவங்களுக்குக் காட்டிட்டு வாலை எங்களுக்குக் காட்டுமா?"

"வாலைக் காட்டுனா என்ன? மூஞ்சின்னு நினைச்சு வணக்கம் சொல்லிட்டுப் போகட்டுமே. வித்தியாசம் தெரியவா போகுது?" என்றார் ஜெனோபி.

டெல்ஃபின் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். "மானோட முகம் உங்க பக்கமே இருக்கட்டும், அதுதான் மரியாதைன்னு மதாம் சொல்றாங்க."

மரியாதையான பேச்சுக்கு யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். மர்டாக் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு திடீரென்று முகம் இறுகி, "அடச்சே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அதே கணத்தில் ஜெனோபியும் பெருமூச்சு விட்டார். இரண்டு பேரின் கண்களும் சந்தித்தன.

இது முற்றிவிட்டது என்று டெல்ஃபின் முடிவு கட்டினாள்.

அதற்கடுத்த வாரம் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று. எண்ணெய் படிந்த மேல்சட்டையைத் தவிர வேறெதிலும் யாரும் பார்த்திராத மர்டாக், மழமழவென்று சவரம் செய்து, சிவப்பு டை கட்டிக்கொண்டு வந்தார். ஜெனோபியின் கழுத்தில் சிவப்புச் சால்வை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்க்காதது போல உட்கார்ந்தார்கள்.

ஒரு மொழிபெயர்ப்பாளர் தலையில் போட்டுக்கொள்ளவே கூடாத வேலையை அவள் செய்துவிட்டாள். இரண்டு பேருக்கும் தெரியாமல் இரண்டு பேர் சார்பிலும் அவளே காதலித்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்குக் கல்யாணம் என்று வந்து நின்றால், வீட்டுக்குள் வைத்து மொழிபெயர்க்கவும் அவளைத்தானே கூப்பிடுவார்கள். அப்போது குட்டு உடையாதா?

கொஞ்சம் கசப்பைக் கலக்கவேண்டியதுதான். வேறு வழியில்லை.

வாய்ப்பு சீக்கிரமே வந்தது. ஜெனோபிக்கு இருமல். மர்டாக் ஜன்னல் பக்கம் திரும்பி, "அந்த ஜன்னலைச் சாத்துங்கப்பா. மதாமுக்குக் குளிர் ஒத்துக்கல" என்றார், அபூர்வமான கனிவோடு.

டெல்ஃபின் பல்லைக் கடித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள்: "இந்தம்மா இருமுறதைக் கேட்டா கடல் சிங்கம் கரை ஏறிடுச்சோன்னு தோணுதாம். ஜன்னலைச் சாத்தச் சொல்றார், ஊர் பயந்துடப் போகுதாம்."

சொல்லிவிட்டு வெடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"நன்றி" என்றார் ஜெனோபி மென்மையாக. கைப்பையிலிருந்து இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை மர்டாக்கின் பக்கம் நீட்டினார். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

கூண்டுக்குள் டெல்ஃபின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். திட்டினால்கூட இனிக்கும் கட்டத்துக்குப் போய்விட்டார்கள். இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. இனி உண்மையை மட்டும் பேசுவது, அடுத்த கூட்டம் முடிந்ததும் வேலையை விட்டுவிடுவது என்று அங்கேயே தீர்மானித்தாள்.

அந்தக் கூட்டம்தான் இறுதி வாக்கெடுப்புக்கு என்று குறித்திருந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. பார்வையாளர் வரிசையிலும் ஆளாளுக்கு ஹெட்ஃபோன். மர்டாக் எழுந்தார். டை போனவாரத்தைவிட நேராக இருந்தது, பேச்சில் மட்டும் கனிவு இல்லை.

"ரெண்டு பாஷைச் சட்டமெல்லாம் தலைநகரத்துல கோட்டு போட்டவங்களுக்கு. நம்ம ஊர்ல ஐஸ் வழுக்குறதுக்கு எதுக்குய்யா ரெண்டு பாஷை? மேல இங்கிலீஷ். முடியாதுன்னா அதை மீன் கிடங்கா மாத்திடுங்க. மீனாவது சண்டை போடாம கிடக்கும்."

டெல்ஃபின் அப்படியே மொழிபெயர்த்தாள். ஒரு சொல் குறைக்கவில்லை, கூட்டவில்லை.

ஜெனோபி எழுந்து நின்றார்.

"எங்க முன்னோரை இங்கிலீஷ்காரங்க கப்பல்ல ஏத்தி நாடு கடத்துனாங்க. அப்பகூட எங்க ஆளுங்க இங்கிலீஷ்ல அழல. இன்னைக்கு ஐஸ்ல வழுக்கி விழுறதுக்கு நான் இங்கிலீஷ்ல அனுமதி கேட்கணுமா? மேல பிரெஞ்சு. முடியாதுன்னா அந்தக் கதவு என் பேரன் காலத்துலயும் பூட்டியே கிடக்கட்டும்."

அதையும் அப்படியே சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. முன்னோரைப் பற்றிய அந்த வார்த்தைகள் அவளுடைய அம்மா வழியில் அவளுக்கும் உரியவை. மர்டாக் பேசியது அவள் அப்பா பேசுவது போலவே இருந்தது. இத்தனை வாரமாக இரண்டு பக்கத்து வலியையும் அவள் சர்க்கரையில் முக்கி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

யாரும் எழுந்து போகவில்லை. மர்டாக் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைப் பொத்திப் பிடித்திருந்தார். ஜெனோபி கண்ணை இறுக மூடிக்கொண்டு சால்வை நுனியை முறுக்கினார். பார்வையாளர்கள் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். உண்மை உள்ளே இறங்குகிறது என்று நினைத்தாள் டெல்ஃபின். அவளுக்குப் புல்லரித்தது.

மேயர் எமரி எங்கோ பார்த்தபடி, வேறு எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர் போல இழுத்து இழுத்துப் பேசினார். "இப்ப என்னோட தீர்மானம்... மேலயும் இல்ல, கீழயும் இல்ல. ரெண்டும் ஒரே வரி, ஒரே அளவு. உள்ள போறப்ப இங்கிலீஷ் முன்னால... வெளிய வர்றப்ப பிரெஞ்சு முன்னால... பலகைக்கு ரெண்டு பக்கமும் எழுதிடலாம்... ஆதரிக்கிறவங்க..."

அவர் "கை தூக்குங்க" என்று முடிக்கவில்லை. அதற்குள் கூடமே கையைத் தூக்கிவிட்டது. ஒரு கை அல்ல, ஆளுக்கு இரண்டு கை. மர்டாக் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் துள்ளி எழுந்தார். ஜெனோபி மேசையைச் சுற்றி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பார்வையாளர்கள் ஆங்கிலக்காரர், பிரெஞ்சுக்காரர் என்று பார்க்காமல் ஒருவர் முதுகில் ஒருவர் அறைந்துகொண்டார்கள். மேயரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றதால் சுத்தியலைத் தட்ட ஆளில்லை. குறிப்பெடுக்கும் அம்மாள்தான் எண்ணிப் பார்த்து, "எதிர்ப்பே இல்லை, தீர்மானம் நிறைவேறுது" என்று கத்திச் சொன்னாள்.

கைகள் மெல்லக் கீழே இறங்கின. எதற்கு வாக்களித்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டபின் மர்டாக் கொஞ்சம் யோசித்தார். ஜெனோபியும் யோசித்தார். இன்னும் கட்டிப்பிடித்தபடியே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்து இருவரும் விலகினார்கள். "போகட்டும், பசங்க விளையாடட்டும்" என்று மர்டாக் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். "கார் கண்ணாடியாவது தப்பிக்கும்" என்றார் ஜெனோபி பிரெஞ்சில். மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் இருவரும் ஒரே வாசல் வழியாக வெளியே போனார்கள்.

டெல்ஃபின் கூண்டை விட்டு வெளியே வந்தாள். கால் தரையில் பாவவில்லை. கூடம் காலியாகிவிட்டது. ஒலிபெருக்கி, விளக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒனில் மட்டும் மேசை மேசையாகப் போய் ஹெட்ஃபோன்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

"ஒனில், ஒரு விஷயம் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. இத்தனை வாரமா நான் பொய்யா மொழிபெயர்த்தேன். அவர் திட்டுனதைப் பாராட்டா சொன்னேன். அவங்க திட்டுனதை உபசாரமா சொன்னேன். எல்லாம் குழம்பிப்போச்சு. இன்னைக்குத்தான் உள்ளது உள்ளபடி சொன்னேன். பாருங்க, ஊரே ஒண்ணாயிடுச்சு. உண்மைக்கு இவ்வளவு பலம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

ஒனில் கையிலிருந்த ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பனிக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து அந்த ஹெட்ஃபோன்ல உன் குரலே வரலைம்மா, ரெண்டு பாஷையிலயும் ரேடியோ ஹாக்கி கமென்ட்ரிதான் வந்துட்டிருக்கு, சரி பண்ணலாம்னு நான் போனப்ப தொடவே கூடாதுன்னு ரெண்டு பேரும் தனித்தனியா வந்து கெஞ்சுனாங்க, மர்டாக்குக்கு அந்தப் பிரெஞ்சு கமென்ட்ரிக்காரன் சொன்னாத்தான் கோல் போட்ட மாதிரியே இருக்காம், ஜெனோபியம்மாவுக்கு இங்கிலீஷ்ல கேட்டாத்தான் மேட்ச் பார்த்த திருப்தியாம்."