கிழக்கு பார்த்த டிரெய்லர்

‘இதுக்கெல்லாம் ஆள் கூப்பிடணுமா?’ என்று கேட்கும் இனத்தை உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் ஈப்போவில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். குழாய் ஒழுகினால் இவர்களே சரிசெய்வார்கள். அதற்குப் பிறகும் ஒழுகினால், அதுவும் இவர்கள் வேலைதான்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தர்மா அண்ணன் இந்த இனத்தில் முதல் வரிசை. அவர் மனைவி கலாதேவி அக்கா கல்யாண மணவறைகளுக்குப் பூ அலங்காரம் செய்கிறவர். காருக்குப் பின்னால் மாட்டிய திறந்த டிரெய்லரில் பூவை ஏற்றிப் போவார். பாதி வழியிலேயே வெயில் வாட்டிவிடும், இல்லாவிட்டால் மழை பிய்த்துவிடும். பாகான் செராய் ஊர் மண்டபம் ஒன்றில் ஒரு பெரிய கல்யாணம் வந்தது. அது நன்றாக அமைந்தால் இனி எல்லா அலங்காரமும் அக்காவுக்கே என்று மண்டபத்தார் சொல்லியிருந்தார்கள். பட்டறையில் கொடுத்து டிரெய்லருக்கு ஒரு கூடு போடலாம் என்றார் அக்கா. அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

பனி கொட்டும் நாட்டில் எவனோ பனிவண்டி ஏற்றும் டிரெய்லருக்கு இலேசான கூடு போடுவதை, சட்டையில்லாமல் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து யூடியூபில் பார்த்தார். அலுமினியக் குழாய் வாங்கினார். திருவிழா முடிந்த கோயிலில் பழைய பேனர்களைக் கேட்டு வாங்கிப் போர்த்தினார். பேனரில் அச்சடித்திருந்த உபயகாரர்கள் நாலா பக்கமும் கைகூப்பிச் சிரிக்க, கூடு எழுந்து நின்றது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விடுவார்களா?

கதவு எந்தப் பக்கம்? பின்பக்கம் என்று நீங்களும் நானும் சொல்வோம். அண்ணனோ வீட்டு வாசலில் நின்ற டிரெய்லரைச் சுற்றி வந்து கைத்தொலைபேசியில் திசை பார்த்தார்.

“வாசல்னா கிழக்கு பாக்கணும்லா. தொழிலுக்கு நல்லது.”

நின்ற இடத்தில் எது கிழக்கோ அங்கே கதவு வைத்து, மற்ற மூன்று பக்கத்தையும் ரிவெட் அடித்து மூடினார். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. கிழக்குப் பக்கம் என்பது காரோடு மாட்டுகிற முன்பக்கம் என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை.

பூவை ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகே காரில் மாட்டியதால், மண்டபத்தில் போய் இறங்கியபோதுதான் உறைத்தது. கதவு இரண்டு விரல் திறந்து காரின் பின்புறத்தில் இடித்து நின்றது. சரி, டிரெய்லரைக் கழற்றலாம் என்றால் கொக்கி இறுகிக் கிடந்தது. கொக்கியைத் தட்டச் சுத்தியல் வேண்டும். சுத்தியல் உள்ளே, மாலைகளோடு பத்திரமாக இருந்தது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை வீட்டார் வெறும் மணவறையைப் பார்த்து முணுமுணுக்க, அண்ணன் கொக்கிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, பின்பக்கத்து உபயகாரரை நெற்றியிலிருந்து இடுப்பு வரை கிழித்தார். பூ வெளியே வந்தது. மணவறையும் நேரத்துக்கு எழுந்தது.

கடைசி மாலையைக் கட்டிவிட்டு அக்கா இறங்கி வரும்போது அண்ணன் சொன்னார்:

“பாத்தியா, நான் இலேசா செஞ்சதுனாலதான் கிழிக்க முடிஞ்சுச்சு.”

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, ‘அந்தக் கிழிசலில் ஒரு ஜிப் வைத்துத் தைத்தால் அதுவே கதவாகிவிடுமே, இதற்கு எதற்கு ஆள்’ என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், உங்கள் வீட்டம்மாவின் கைப்பையில் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.